நாற்பது கொக்கிகள்

மார்ச் 3

அண்ணாவுக்கு,

நான்தான். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஒன்பது வருஷம் கழித்து வந்த கடிதம் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்க வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள். சண்டை போட எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

மகள் வீட்டுத் தெருக்கோடியில் ஓர் அச்சகம் இருக்கிறது. சட்டப் புத்தகங்கள், ஒப்பந்தப் படிவங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். எழுத்தின் தலைக்கு மேல் தொங்கும் ஓர் அப்பாஸ்ட்ரஃபி இடம் மாறினால் சொத்து ஒருவருடையதா பலருடையதா என்பதே மாறிவிடும் என்பதால், அங்கே இன்றைக்கும் இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் புரூஃபைப் பார்த்துத் திருத்துகிறார். நீங்களும் நானும் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தோமே, அதே மாதிரி. வாசிக்க ஆள் வேண்டும் என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். போனேன்.

முதலாளியம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"வயசு என்னம்மா?"

"அறுபத்தொண்ணு."

"கண்ணு எப்படி?"

"கண்ணு நல்லா இருக்கு. வாயும் நல்லா இருக்கு. வீட்ல அதுதான் எல்லாருக்கும் பிரச்சினை."

சிரித்துவிட்டாள். அப்பாஸ்ட்ரஃபியைக் கொக்கி என்று நான் சொன்னதற்கும் சிரித்தாள். அது நம் மேசைப் பேச்சு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பிறகு, "கடைசியா பார்த்த வேலைய ஏன் விட்டீங்க?" என்று கேட்டாள். பரீட்சை என்றைக்கு என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி பரீட்சை. ஒரு பக்கம் முழுக்கக் கொக்கிகள். அதற்கு முன் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் என் வாசிப்பைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். என்னோடு வேலை பார்த்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் காய் நறுக்குகிறேன், மாலையில் துணி மடிக்கிறேன். நடுவில் இருக்கும் பகலைத்தான் தாண்ட முடியவில்லை. எழுதித் தாருங்கள். ஒரு வரி போதும்.

தங்கை

மார்ச் 9

அன்புள்ள வாலு,

அறுபத்தொரு வயதுக்காரியை இப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. வேறு பெயரால் அழைத்து எனக்குப் பழக்கமில்லை. தவறென்றால் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். ஆனால் அதற்கு முன்னால் நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீ கேட்ட சான்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து முறை எழுதினேன். ஓரிடத்தில் 'மிகவும்' என்று போட்டு, மிகையாகத் தெரியுமோ என்று எடுத்து, எடுத்தால் குறையாகத் தெரியுமோ என்று மறுபடி போட்டிருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று பார்.

பரீட்சைக்காகச் சில குறிப்புகள். உடைமைக்கு வரும் கொக்கியில் அவசரம் கூடாது. உடையவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள். அந்தப் பெயரை முழுதாக எழுதி முடித்த பிறகுதான் கொக்கி. ஒரு தம்பியின் வீடு என்றால் brother என்று முடித்து, கொக்கி போட்டு, s. தம்பிகள் பலர் சேர்ந்து வாங்கிய வீடு என்றால் brothers என்று முடித்துவிட்டுக் கடைசியில் கொக்கி. children என்பது s இல்லாமலே பன்மை. அதற்குப் பின்னால் கொக்கி, அதற்கும் பின்னால்தான் s. சுருக்கத்தில் வரும் கொக்கிக்கு உடையவர் கிடையாது. அது விழுந்துபோன எழுத்தின் இடத்தில் நிற்பது. don't என்பதில் விழுந்தது o. ஆகவே n-க்கும் t-க்கும் நடுவில். இரண்டு சொல்லும் ஒட்டிய இடத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். its என்ற இடத்தில் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். it is என்றோ it has என்றோ விரித்து வாசித்துப் பார். வாக்கியம் நின்றால் கொக்கி உண்டு, இடறினால் கிடையாது. வெறும் பன்மைக்குக் கொக்கியே வேண்டாம். இங்கே காய்கறிக் கடைக்காரர் தக்காளிக்கெல்லாம் கொக்கி போட்டுப் பலகை வைத்திருக்கிறார். தினமும் அந்தப் பக்கமாகத்தான் போகிறேன். இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

மற்றபடி நான் நலம். அச்சகத்துக்கு முழு நாள் போவதில்லை. ஏதாவது அவசரம் என்றால் கூப்பிடுகிறார்கள்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணாவுக்கு,

ஒரு வரி கேட்டேன். ஒரு பாடத்திட்டமே அனுப்பியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷம் கொக்கி வாசித்தவளுக்கு, don't-இல் எந்த எழுத்து விழுந்தது என்று சொல்லித் தருகிறீர்கள்! மகளிடம் காட்டினேன். "மாமா மாறவே இல்லம்மா," என்றாள். "மாறியிருந்தாதான்டி பயந்திருப்பேன்," என்றேன்.

சான்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நிதானம், நேரந்தவறாமை, நன்னடத்தை என்று பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். பாடம் பதினொன்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேலையை ஏன் விட்டேன் என்பதற்கு அதுதானே பதில்?

எனக்குத் தெரிந்தவரை நடந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள், உங்கள் தொழில்தானே.

பள்ளிக்கூடத்து ஆங்கில இலக்கணப் புத்தகம். பதினொன்றாம் பாடத்தின் முதல் பக்கம் இன்னும் தட்டச்சு செய்கிறவரிடமே இருந்தது. நமக்கு வந்தது இரண்டாம் பக்கம் மட்டும், அதில் நாற்பது வாக்கியங்கள். 'கீழ்வரும் வாக்கியங்களில் விடுபட்ட அப்பாஸ்ட்ரஃபிகளைப் போடுக' என்ற வரி முதல் பக்கத்தின் அடியில் இருந்தது. நாம் இருவருமே அதைப் பார்க்கவில்லை. பயிற்சி என்பதால் மூலத்தில் வேண்டுமென்றே ஒரு கொக்கியும் போடாமல் விட்டிருந்தார்கள். நான் வாசித்தேன். கொக்கி வரும் இடத்தில் விரலால் மேசையில் ஒரு தட்டு, அது நம் வழக்கம். புத்தகம் அச்சாகி வந்தபோது நாற்பது கொக்கிகளும் அதனதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. ஓர் ஆசிரியை எழுதியிருந்தாள்: 'என் வகுப்பில் அனைவரும் பேனாவைத் திறக்காமலே நூற்றுக்கு நூறு.'

மேனேஜர் புரூஃபை மேசைமேல் விரித்தார். நாற்பதும் உங்கள் சிவப்பு மையில். "யாருங்க இதையெல்லாம் போடச் சொன்னது?" என்றார். நீங்கள், "காதுல கேட்டபடிதான் சார் போட்டேன்," என்றீர்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னையே பார்த்துக்கொண்டேன்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. மறுநாள் நானேதான் வரவில்லை. அதன் பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வந்தது ஒரே தடவை, என் வீட்டுக்காரர் இறந்த அன்று. வாசலில் செருப்பைக் கழற்றினீர்கள், நின்றீர்கள், மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நான் அந்த நாற்பது இடத்திலும் தட்டினேனா, அண்ணா? எனக்குத் தெரியவில்லை. தப்பான வாக்கியத்தைப் பார்த்தால் பழகின வாய் தானாகவே சரிசெய்துவிடும் என்று நீங்களே சொல்வீர்கள். விரலும் அப்படிப் போயிருக்கலாம். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் வேறு.

அன்றிலிருந்து என் கண்ணை நான் நம்புவதில்லை. மாத்திரை அட்டையை மூன்று தடவை படித்துவிட்டு மகளிடம் காட்டுகிறேன். பஸ்ஸின் எண்ணை வாசித்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறேன். பரீட்சைக்காக நேற்று ஒரு பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். முதல் கொக்கியிலேயே விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

தட்டினேனா, இல்லையா? அது உங்கள் காதுக்கு மட்டும்தான் தெரியும். தட்டினேன் என்றால் சொல்லிவிடுங்கள், பரீட்சைக்குப் போகமாட்டேன். சட்டப் புத்தகத்தில் போய் என் விரல் விளையாட வேண்டாம்.

தங்கை

மார்ச் 19

அன்புள்ள வாலு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாளாகச் சளி. நீ கேட்டிருப்பது பழைய விஷயம். அவசரத்தில் எழுதினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். யோசித்து எழுதுகிறேன்.

அண்ணன்

மார்ச் 23

அண்ணாவுக்கு,

நடந்ததை எழுத யோசனை எதற்கு? நடக்காததை எழுதத்தான் யோசிக்க வேண்டும். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கிறது. சளிக்கு ஆவி பிடியுங்கள்.

தங்கை

மார்ச் 27

அன்புள்ள வாலு,

நீ தட்டவில்லை.

இதை முதல் வரியில் எழுதாவிட்டால் கடைசி வரிவரை எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே போட்டுவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

அன்று காலை பத்தேகால் மணிக்குத் தொடங்கினோம். முதல் வாக்கியத்தில் ஒரு தையற்காரரின் கத்தரிக்கோல் வந்தது. நீ தட்டாமல் தாண்டினாய். இரண்டாவதில் ஒரு don't. அங்கேயும் தட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு நேராக வேலைக்கு வந்திருக்கிறாய், பாவம், தட்டக்கூடத் தெம்பில்லை என்று நினைத்தேன். நானே கொக்கியைப் போட்டேன். மூன்றாவதிலும் போட்டேன். நாற்பது வரை போட்டேன். ஒவ்வொன்றைப் போடும்போதும் எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. தங்கையின் பாரத்தை அவளுக்கே தெரியாமல் சுமக்கிறேன் என்ற திருப்தி.

"தட்ட மறந்துட்டியா, வாலு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ மூலத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டியிருப்பாய். அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். உன் மனம் நோகக்கூடாது என்பதால் கேட்கவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஒரு வாரமாக யோசித்ததில் அது உண்மையாகத் தெரியவில்லை. நீ தவறியிருப்பாய் என்பதை நான் அவ்வளவு சுலபமாக நம்பினேன். தவறு என் பக்கம் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மேனேஜர் கேட்டபோது, 'அவ தட்டல சார், நானாத்தான் போட்டேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. முப்பத்தொரு வருஷத்தில் என் புரூஃபில் பிழை என்று யாரும் மேசைக்கு வந்ததில்லை. அடுத்த பத்து விநாடிக்குள் திருத்தியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குள் எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ மறுத்துப் பேசுவாய், அப்போது ஒப்புக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். நீ பேசவில்லை. மறுநாள் நீ வரவும் இல்லை. உன் வீட்டு வாசலில் அன்று செருப்பைக் கழற்றியது இதைச் சொல்வதற்காகத்தான். அந்த நேரத்திலா சொல்வது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ உன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. நீ தட்டவில்லை என்பது உனக்குத் தெரியும், நான் பொய் சொன்னதும் தெரியும், அந்தக் கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். அந்தக் கோபம் எனக்குத் தகும் என்று ஒதுங்கியிருந்தேன். மாத்திரை அட்டையைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியை ஒரு தடவைக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

நாற்பது வாக்கியங்களையும் மூலத்தில் இருந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் நீ வாசித்தாய். அன்று அந்த அறையில் வேலையைச் சரியாகச் செய்தவள் நீ ஒருத்திதான். இதை நல்ல தாளில் தனியாக எழுத மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் என் பங்கு கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. அதனால் இப்படியே அனுப்புகிறேன். இதை என்ன செய்தாலும் சரி.

அண்ணன்

ஏப்ரல் 5

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வரவில்லை. அடுக்களைக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்து ஒரு தடவை படித்தேன். ஒன்றைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தேன். யாரையும் கேட்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கோபம் வந்தது.

பாவம் பார்த்தீர்களாம்! உங்களை யார் கேட்டது? அவர் தேறிக்கொண்டிருந்த வாரம் அது. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கிவிட்டுத்தான் வந்தேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு நம் வீட்டில் எல்லாருக்கும் உண்டு. கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் அவள் களைத்துப்போனதாக ஒரு கதையை நீங்களே கட்டி, அதற்கு நாற்பது கொக்கியும் போட்டிருக்கிறீர்கள். மகள் பயந்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. இந்த வீட்டில் அது நடந்ததில்லை.

இரண்டாம் தேதி போனேன்.

"லெட்டர் கொண்டு வந்தீங்களாம்மா?" என்றாள் முதலாளியம்மா.

"கொண்டு வந்தேன். கொஞ்சம் நீளம்."

உங்கள் கடிதத்தையேதான் கொடுத்தேன். முழுவதையும் படித்தாள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இது சர்டிஃபிகேட்டா, மன்னிப்பா?"

"ரெண்டும் ஒரே தாள்ல. பேப்பர் மிச்சம்."

"உங்க அண்ணன் வேலை தேடுறாரா?"

"ஏன்?"

"தான் பண்ணின தப்பை இவ்வளவு தெளிவா எழுதுற ஆளை நான் பார்த்ததில்ல."

"ஒரு தப்புக்கு ஒன்பது வருஷம் எடுத்துக்குவார். பரவாயில்லையா?" என்றேன்.

பிறகு பரீட்சை. ஐம்பத்திரண்டு கொக்கிகள். ஐம்பத்திரண்டையும் தட்டினேன். மூன்று இடத்தில் மூலமே தப்பாக இருந்தது. தப்பை இருந்தபடியே வாசித்துவிட்டு, முடிந்த பிறகு எடுத்துச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறாள். உங்கள் கடிதம் அவர்களுடைய கோப்பில் இருக்கிறது, திரும்பி வராது. முன்பின் தெரியாதவர்கள் படிப்பார்களே என்று உங்களுக்குக் கூசும். கூசட்டும்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. ஆனால் இங்கே இருப்பவர்களுக்கு உண்மை தெரிந்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மேனேஜர் உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். எழுதிப் போடக்கூடாது. வாயால் சொல்ல வேண்டும்.

வாலு

ஏப்ரல் 14

அன்புள்ள வாலு,

வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் அதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தோன்றுகிறது. அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை அவர் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். புதன்கிழமை மாடிப்படியில் பாதிவரை ஏறினேன். நேற்று மணியை அடித்துவிட்டேன். அடித்த பிறகு ஓட எனக்கு வயதில்லை.

அவருடைய மருமகள் கதவைத் திறந்தாள். மேனேஜர் ஜன்னலோரத்தில் நாற்காலியில் சாய்ந்து, காலைப் போர்வையால் மூடியிருந்தார். நல்ல மெலிவு. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"யாரு?"

"புரூஃப் ரீடர் சார். ரெண்டாவது மேசை."

"அட, கண்ணாடி! வாய்யா, உட்காரு. இன்னும் அதே கண்ணாடிதானா?"

உட்கார்ந்தேன். பாடம் பதினொன்று விஷயமாக வந்தேன் என்றேன்.

"என்ன பாடம்?"

"இலக்கணப் புத்தகம் சார். பயிற்சியில நாற்பது அப்பாஸ்ட்ரஃபி. பள்ளிக்கூடத்துலேர்ந்து எல்லாம் லெட்டர் வந்துச்சே."

ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தார். "ஞாபகமே இல்லையேய்யா. எத்தனையோ புத்தகம்." பிறகு திடீரென்று முகம் மலர்ந்தது. "உன் தங்கச்சி எப்படி இருக்கா? என்ன தெளிவா வாசிக்கிற பொண்ணு! திடீர்னு நின்னுட்டா. ஏன்யா நின்னா?"

வாலு, ஒன்பது வருஷமாக நான் யாருக்குப் பயந்தேனோ அந்த மனிதருக்கு அது நினைவில் இல்லை. என்மேல் ஒரு புகாரும் இல்லை. உன்மேலும் இல்லை. 'வீட்டுல கஷ்டம் சார்' என்று சொல்லிவிட்டு, மருமகள் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். உனக்கு, 'போனேன், அவருக்கு ஞாபகமில்லை' என்று எழுதியிருந்தால் அது பொய்யும் அல்ல. அந்தச் சொற்கள் நாக்குவரை வந்தன. வரவில்லை என்று உனக்கு எழுத மாட்டேன்.

"என்னாலதான் சார் நின்னா," என்றேன்.

முதலிலிருந்து சொன்னேன். அவர் மறந்துவிட்டதால் குற்றத்தையும் நானேதான் விளக்க வேண்டியிருந்தது. புத்தகம் என்ன, பயிற்சி என்ன, எந்த வரியை நாம் பார்க்கவில்லை, அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், எல்லாம். மருமகள் கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. தேநீர் ஆறிவிட்டது.

அவர் போர்வையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, நல்லா நாலு திட்டு திட்டிட்டு மறுநாள் மறந்திருப்பேனேய்யா," என்றார்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

தலையை ஆட்டிக்கொண்டார். என்மேல் கோபப்படவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "அந்தப் பொண்ணை எல்லாரும் பார்த்தோம்னு சொல்றியே. நானும் பார்த்தேனா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

கிளம்பும்போது உன் விலாசத்தைக் கேட்டார். உனக்கு அவர் கையாலேயே இரண்டு வரி எழுத வேண்டுமாம். விலாசத்தை எழுதச் சொல்லிக் காகிதத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பிறகு மூடி அவர் கையிலேயே கொடுத்து, "அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்," என்று வந்துவிட்டேன்.

விலாசத்தைக் கொடுக்கலாமா?

அண்ணன்